வண்டிப்பேட்டைக்கு வந்த ஆதாயம்

மலாய் நாட்டில், பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸில், ரயில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்புறம் வீரம்மாள் ஒரு வண்டிப்பேட்டை நடத்தி வந்தாள். கிள்ளானிலிருந்து தேங்காயும் பாக்கும் ஏற்றி வரும் மாட்டுவண்டிக்காரர்கள் அங்கேதான் மாட்டை அவிழ்ப்பார்கள். மாட்டுக்குக் கிணற்றுத் தண்ணீரும் புல்லும் ஊறவைத்த புண்ணாக்கும் உண்டு. வண்டிக்காரனுக்குச் சோறும், கொட்டகையில் படுக்க ஓர் ஓரமும் உண்டு. லோரிகள் ஒன்றிரண்டாக ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனாலும் பேட்டையில் சாணி வாசனை ஒருநாளும் குறைந்ததில்லை.

நிலம் வீரம்மாளின் பெயரில் இருந்தது. தாலி ஒன்றைத் தவிர மற்ற நகை எல்லாவற்றையும் விற்றுத்தான் அதை வாங்கினார்கள். "உன் நகைதானே, உன் பேர்லயே இருக்கட்டும்" என்று புருஷன் கன்னையாதான் சொன்னான். அவனுக்குச் சொந்தமாக இரண்டு ஜோடி மாடுகள் இருந்தன. கூட்ஸ் ஷெட்டிலிருந்து பாசார் சந்தைக்கு மூட்டை இழுப்பான். அதிகம் பேசமாட்டான். சட்டை போட்டவன் யார் எதிரே வந்தாலும் தலைத்துண்டை எடுத்துவிடுவான்.

இருபத்தாறாம் வருஷக் கடைசியில் வந்த வெள்ளத்தில் பட்டணமே மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு, ரோடுகளை உயர்த்துவது என்று சர்க்கார் முடிவு செய்தது. ஒருநாள் காலையில் அளவைக்காரர்கள் வந்து பேட்டைக்கு நடுவே கழிகளை நட்டுப் போனார்கள். வீரம்மா அந்தக் கழிகளை ஒட்டியே நடந்து பார்த்தாள். நேராகப் போயிருந்தால் பக்கத்துப் பங்களாவின் டென்னிஸ் புல்வெளியில் ஒரு மூலை போயிருக்கும். கழிகள் அந்த இடத்தில் மெல்ல ஒதுங்கி, வளைந்து, அவளுடைய கிணற்றின் மேல் ஏறி, நிலத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போயின.

"பங்களாவுக்கு வழி விட்டுட்டு என் கிணத்து மேல வருதுங்க ரோடு!" என்று அவள் புருஷனிடம் கத்தினாள்.

"சர்க்கார் காரியம் புள்ள. பணம் குடுப்பாங்க."

"யாரு கேட்டா பணம்?"

கேட்காவிட்டாலும் விசாரணை வந்தது. நில ஆபீஸில் கலெக்டர் துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துபாஷி யோகநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி. சர்க்கார் கச்சேரியிலும் கோர்ட்டிலும் தமிழர் வழக்கு எதுவானாலும் அவர் வாய் வழியாகத்தான் வெள்ளைக்காரர் காதுக்குப் போகும்.

வீரம்மா நின்றபடியே பேசினாள். கிணறு போனால் மாட்டுக்குத் தண்ணீர் ஏது என்றாள். கொட்டகை ஒருபக்கமும் வாசல் ஒருபக்கமும் ஆகிவிட்டால் பேட்டை என்று எதைச் சொல்வது என்றாள். கழி ஏன் பங்களா அருகே வளைந்தது, டென்னிஸ் பந்துக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்லையா என்றாள். மூச்சு வாங்க அவள் நிறுத்தியதும், யோகநாதன் துரையின் பக்கம் குனிந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். துரை தலையசைத்தார்.

"என்னங்கய்யா இது?" என்றாள் வீரம்மா. "நான் கட்டு கட்டா பேசினேன். நீங்க அதுல ஒரு இணுக்குதானே எடுத்துக் குடுத்தீங்க?"

யோகநாதன் முகம் சிவந்தது. "அம்மா, நீங்கள் சொன்னதை அப்பிடியே சொன்னால் துரை கோபிச்சுப் போடுவார். உங்கட நன்மைக்குத்தான் நான் பதமாச் சொன்னனான்."

"கோபிக்கட்டும். கோபம் எனக்கு மட்டும்தான் வரணுமா?"

கன்னையா பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தான். துரை பேனாவை எடுத்துத் தீர்ப்பை எழுதினார். யோகநாதன் அதைத் தமிழில் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. ரோட்டுக்குப் போகும் நிலத்துக்கு இன்ன கிரயம். அதுவரை சரி. ஆனால் புது ரோடு வருவதால் மிச்சமிருக்கும் இரண்டு துண்டும் ரோட்டோர நிலமாகிவிடும். அதன் மதிப்பு ஏறும். அந்த ஆதாயத்தைக் கிரயத்தில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே பாதி கழிக்கப்பட்டது.

வீரம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. யோகநாதன் மறுபடி சொன்னார்.

"அதாவது, என் நெலத்தை ரெண்டா வெட்டுனதுல எனக்கு லாபமாம். அந்த லாபத்துக்கு நான் அவருக்குக் காசு குடுக்கணுமாம். அப்படித்தானே?"

"சட்டம் அப்பிடித்தான் அம்மா சொல்லுது. உங்களுக்குச் சம்மதம் இல்லையெண்டால் நீதிபதிட்ட போகலாம்."

"போறேன்."

"வீரம்மா!" என்றான் கன்னையா.

"நான் போறேங்க. வேணாம்னா நீங்க வீட்டுல இருங்க."

வழக்கு பதிவானது. ஆனால் ரோடு வழக்குக்காகக் காத்திருக்கவில்லை. கூலிகள் வந்து கிணற்றை மண் போட்டு மூடினார்கள். செங்கல் உடைசலும் செம்மண்ணும் கொட்டிக் கொட்டி மேடு எழும்பியது. முழங்கால் அளவு வரும் என்று நினைத்தார்கள். இடுப்புக்கு வந்தது. ரோடு முடிந்தபோது, கீழே நின்ற வீரம்மாளின் தோளுக்குச் சமமாக அது இருந்தது. இரண்டு பக்கமும் அவள் நிலம் பள்ளமாகக் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் ரோட்டில் போகிறவர்களின் செருப்புதான் முதலில் தெரியும்.

வண்டி மேலேறக் கன்னையா தானே மண்வெட்டி பிடித்து ஒரு சாய்வு வெட்டினான். வெறும் வண்டி ஏறியது. பாரம் ஏற்றிய வண்டி திணறியது. கிள்ளான் வண்டிக்காரர்கள் ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வேறு இடம் தேடிக்கொண்டார்கள். "கோவிச்சுக்காதீங்க அக்கா, மாடு பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை, கன்னையா செவலையையும் மயிலையையும் பூட்டிச் சாய்வில் ஏறினான். பாதி ஏறும்போது மண் சரிந்தது. வண்டி பின்னால் இழுக்க, செவலைக்கு முன்கால் மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. வீரம்மா ஓடி வந்தபோது கன்னையா சேற்றில் உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் வைத்திருந்தான். அது எழுந்திருக்க முயன்று முயன்று விழுந்தது. சவாரிக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரரைப் போய்க் கெஞ்சி அழைத்து வந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, சுடுவதைத் தவிர வழியில்லை என்றார்.

அன்று கன்னையா சாப்பிடவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் அவனே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் வேணாம்னு சொன்னேன்ல, கேசு," என்றான்.

"ம்."

"இனி விடாத புள்ள. எதுவானாலும் விடாத."

பள்ளத்தில் தேங்கிய மழைநீர் வடியவே இல்லை. முன்பு தண்ணீர் ஓடிய வாய்க்காலை ரோடு அடைத்துவிட்டது. பத்துப் பதினைந்து நாளில் பச்சைப் பாசி படர்ந்தது. அப்போதுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கொசுப்புழு தேடி வீடு வீடாக வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பவர். கம்பத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் அவரைக் 'கொசு துரை' என்பார்கள். ரோட்டின் மேலேயே நின்று குச்சியால் தண்ணீரைக் காட்டினார். கூட வந்த பியூன் வீரம்மாளிடம் ஒரு சம்மனை நீட்டினான். தன் நிலத்தில் தண்ணீர் தேங்கவிட்டு மலேரியாக் கொசு வளர்த்த குற்றத்துக்கு அவள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வரவேண்டும்.

அவள் அதை வாங்கிக்கொண்டு, மேலே நின்ற இன்ஸ்பெக்டரை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க அண்ணன் பள்ளம் தோண்டுவாரு, தம்பி நீங்க வந்து அபராதம் போடுவீங்களா?" என்றாள். பியூன் அதை மொழிபெயர்க்கவில்லை.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் துபாஷி யோகநாதன்தான். வீரம்மாளைப் பார்த்ததும் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொன்னார்: அந்த நிலம் சுற்றிலும் மேடாகி, நடுவில் கிண்ணம் போலிருக்கிறது. தண்ணீர் போக வழியே இல்லை. மனிதர் குடியிருக்கவோ மாடு கட்டவோ லாயக்கற்றது. யோகநாதன் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல வீரம்மாளின் கை கூண்டுக் கம்பியை இறுக்கியது.

"லாயக்கில்லையா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்கய்யா, லாயக்கில்லைன்னுதானே சொன்னாரு?"

"ஓம் அம்மா. அப்பிடித்தான் சொன்னவர்."

"அங்க ஒரு துரை, என் நெலம் ஒசந்துபோச்சு, தங்கமாப்போச்சுன்னு பாதிப் பணத்தைப் புடிச்சு வச்சிருக்காரு. இங்க ஒரு துரை மாடுகூடக் கட்ட ஆகாதுன்னு சத்தியம் பண்றாரு. ரெண்டு பேரும் ஒரே சர்க்கார் சம்பளம்தானே வாங்கறாங்க? முதல்ல அவங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிடச் சொல்லுங்க!"

யோகநாதன் மாஜிஸ்திரேட்டிடம் ஏதோ சொன்னார். மறுபடியும் சுருக்கம்தான். நிலத்தின் விலை இந்தக் கோர்ட்டின் வேலை இல்லை என்று பதில் வந்தது. அபராதம் போட்டார்கள். செவலையின் ஜோடியான மயிலையை விற்று அதைக் கட்டினார்கள்.

கோர்ட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கி அவர்கள் நின்றபோது யோகநாதன் குடையோடு வந்தார். முதலில் அக்கம்பக்கம் பார்த்தார்.

"அம்மா, நான் சர்க்கார் உத்தியோகத்தன். உங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது" என்றார்.

"பின்ன எதுக்குங்கய்யா வந்தீங்க?"

அவர் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். "நீங்கள் உள்ளுக்குச் சொன்னதை நான் முழுசாச் சொல்லேல்ல. சொல்லியிருக்க வேணும். எனக்கு அது நெஞ்சுக்குள்ள குத்திக்கொண்டு இருக்கு." பிறகு அவசரமாக, "நீதிபதி முன்னால உங்கட வழக்கு வரேக்க, ஆரையும் சாட்சிக்குக் கூப்பிட உங்களுக்கு உரிமை இருக்கு. ஆரையும். இண்டைக்குச் சாட்சி சொன்னவரையும் கூப்பிடலாம்" என்றார்.

வீரம்மா அவரை உற்றுப் பார்த்தாள். "வந்து இதே பேச்சைப் பேசுவாரா?"

"சத்தியம் பண்ணிச் சொன்னதை மாத்திச் சொல்ல ஏலாது."

"சரி. ஆனா நீங்க ஒண்ணு செய்யணும். நான் திட்டினா, திட்டினதாவே சொல்லணும். என் பேச்சைக் கழுவித் துடைச்சுக் குடுக்கக் கூடாது."

அவர் "சொல்லுறன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கும் மேலானது. நீதிபதி வயதானவர். அவருக்குத் துணையாக நிலமதிப்புத் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கலெக்டர் முதலில் பேசினார். ரோட்டோர நிலம், கடைகள் கட்டலாம், நாளுக்கு நாள் விலை ஏறும் என்றார். அடுத்து, வீரம்மா கேட்டுக்கொண்டபடி, சுகாதார இன்ஸ்பெக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது அவருக்கே தெரியவில்லை. நிலம் எப்படி இருக்கிறது என்று நீதிபதி கேட்டதும், மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதை அப்படியே சொன்னார். கிண்ணம். தண்ணீர் போக வழியில்லை. மாடு கட்டவும் லாயக்கில்லை. சொல்லி முடித்த பிறகுதான் எதிரே கலெக்டரின் முகத்தைப் பார்த்தார்.

நீதிபதி கலெக்டர் பக்கம் திரும்பினார். பள்ளத்தை நிரப்பிவிட்டால் நிலம் மதிப்புள்ளதாகிவிடும் என்றார் கலெக்டர்.

"யார் நிரப்புவது?"

"நிலத்தின் சொந்தக்காரி."

யோகநாதன் அதையும் தமிழில் சொன்னார். வீரம்மா எழுந்துவிட்டாள்.

"என் வீட்டைக் கொளுத்திப்புட்டு, அனல்ல நீ குளிர் காஞ்சியே, அதுக்கு வாடகை குடுன்னு கேக்கறாருய்யா இந்தத் துரை! என் கிணத்தை மூடினாரு. என் வாய்க்காலை அடைச்சாரு. அவர் போட்ட மேட்டுல ஏறப் போயி என் மாடு காலொடிஞ்சு செத்துச்சு. அவர் தேக்கி வச்ச தண்ணிக்கு நான் அபராதம் கட்டினேன். இவ்வளவும் பண்ணிட்டு ஆதாயம்ங்கறாரு. ஆதாயம்னா அவரே வச்சுக்கட்டும். அந்த ரெண்டு துண்டையும் அவர் சொல்ற வெலைக்கே அவரே வாங்கிக்கட்டுமே! ஏன் வாங்க மாட்டேங்கறாரு? இது திருட்டுய்யா. எழுதிப் படிச்சுப் பண்ற திருட்டு!"

யோகநாதன் தொண்டையைச் செருமினார். கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மெதுவாக, ஒரு வார்த்தையும் விடாமல் பேசினார். வீடு, நெருப்பு, வாடகை, கிணறு, மாடு எல்லாம் ஆங்கிலத்தில் போனது வீரம்மாளுக்கே புரிந்தது. கடைசி வார்த்தையில் கலெக்டர் துள்ளி எழுந்தார். "உட்காருங்கள்" என்றார் நீதிபதி. யோகநாதனையும் கடிந்துகொண்டார், அதற்கு யோகநாதன், "அந்த அம்மா சொன்ன வார்த்தை அதுதான், பிரபு" என்றாராம். கன்னையாவின் தலைத்துண்டு அன்று தலையிலேயே இருந்தது.

மறுநாள் நீதிபதியும் மற்ற இருவரும் இடத்தைப் பார்க்க வந்தார்கள். ரோட்டில் கார் நின்றது. துணைக்கு வந்தவர்களில் ஒருவர் கீழே இறங்கச் சாய்வில் கால் வைத்து, வழுக்கி, புல்லைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றுவிட்டார். நீதிபதி பச்சைத் தண்ணீரை நெடுநேரம் பார்த்தார். எதுவும் பேசாமல் காரில் ஏறினார்.

தீர்ப்பு வந்தது. ஆதாயம் என்று கழித்தது செல்லாது. முழுக் கிரயமும் தரவேண்டும். பள்ளத்தைத் தூர்க்க ஒரு தொகை. அவ்வளவுதான். பேட்டை போனதற்கு எதுவும் இல்லை. வியாபாரம் என்பது நிலத்தோடு சேர்ந்ததில்லையாம். மாட்டுக்கு இல்லை. கட்டிய அபராதமும் திரும்பாது. அது வேறு கோர்ட்டு. டென்னிஸ் புல்வெளியைச் சுற்றி ரோடு ஏன் வளைந்தது என்று கடைசி வரை யாரும் கேட்கவில்லை.

பணம் வாங்கும் கவுண்டரில் ஒரு தமிழ்க் குமாஸ்தா இருந்தார். ரசீதைத் தள்ளி, மை டப்பாவைத் திறந்து வைத்தார். யோகநாதன் தானாகவே உடன் வந்திருந்தார்.

"இதுல என்னங்கய்யா எழுதியிருக்கு?" என்று வீரம்மா அவரிடம் கேட்டாள்.

"தொகை எழுதியிருக்கு. அதுக்குக் கீழ, முழுத் திருப்தியோட பெற்றுக்கொண்டன் எண்டு இருக்கு."

வீரம்மா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "காசு வாங்கிக்கிறேன். திருப்தின்னு நான் சொல்லலை."

"அம்மா, எல்லாருக்கும் இதே காயிதம்தான்" என்றார் குமாஸ்தா. "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல."

"கேக்காததாலதான் அச்சடிச்சு வச்சிருக்கீங்க. அதை அடிங்க."

"அடிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. கையை வைங்க, பின்னால ஆள் நிக்குது."

"நிக்கட்டும். நான் ரெண்டு வருஷம் நின்னேன்."

குமாஸ்தா உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டார். அந்த அதிகாரி வெளியே வந்து எட்டிப் பார்த்தார். வீரம்மா கவுண்டரின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கன்னையாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வரிசையில் நின்ற சீனக் கடைக்காரர் ஒருவர் என்னவென்று கேட்க, யாரோ மலாயில் விளக்கினார்கள். அவர் தன் ரசீதையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். அதைக் கண்டதும் அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. அடித்துத் தொலை என்று கைகாட்டினார். யோகநாதன் தன் பேனாவாலேயே அந்த இரண்டு வார்த்தையையும் கோடிட்டு அடித்தார்.

வீரம்மா விரலை மையில் ஒற்றி வைத்தாள்.

வெளியே வந்ததும் கன்னையா கேட்டான்: "இப்பவாச்சும் மனசு ஆறுச்சா?"

"ஆறலைங்க."

பள்ளத்தை விலைக்குக் கேட்டு ஒரு காண்ட்ராக்டர் இரண்டு தடவை வந்தார். அவள் கொடுக்க மறுத்துவிட்டாள். கன்னையா ரயில்வே ஆட்களைப் பிடித்து எஞ்சின் சாம்பலைச் சும்மா வாங்கிக்கொள்ளப் பேசி முடித்தான். மிச்சமிருந்த ஒரு ஜோடியைப் பூட்டி முதல் பாரம் கொண்டுவந்து, ரோட்டின் ஓரத்தில் நிறுத்திக் கீழே கொட்ட ஆரம்பித்தார்கள். சைக்கிளில் வந்த ரோடு ஓவர்சியர் இறங்கினார்.

"ஏய், ரோட்டு மேல வண்டி நிறுத்தக் கூடாது. எடு, எடு!"

வீரம்மா கூடையைக் கீழே வைக்கவில்லை.

"என் நெலத்து மேல உங்க ரோடு வந்து நிக்குதே, அதை யாருகிட்ட போய் எடுக்கச் சொல்றது?" என்றாள்.

ஓவர்சியர் ஏதேதோ சொல்லிக்கொண்டே நின்றார். வண்டி காலியாகும் வரை அவர்கள் அதை நகர்த்தவில்லை.